எதைத் துடைப்பது, எதை விடுவது: திருத்தணி பிரவுசிங் கடையில் பார்த்தது

அரக்கோணத்தைத் தாண்டி ரேணிகுண்டா பாதையில் போகும் ரயில் திருத்தணியில் நிற்பதற்குள் பெட்டியில் பாதிப் பேச்சு தெலுங்காகியிருக்கும். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. மாநில எல்லை மாறினாலும் உறவும் வியாபாரமும் எல்லைக்கு இரண்டு பக்கமும் அப்படியே தொடர்கின்றன. நான் பார்க்கப் போன பிரவுசிங் கடையில் அது நன்றாகத் தெரிந்தது. ஒருவர் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தோடு நிற்கிறார். அடுத்தவர் திருமலை முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட் கேட்கிறார். பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து வந்த விசைத்தறிக்காரர் பில் பிரிண்ட் எடுக்கக் காத்திருக்கிறார்.

கடையை நடத்துபவர் ஒரு பெண்மணி. கல்லாவுக்குப் பின்னால் அவருடைய சொந்த சிஸ்டம், எதிரே வாடிக்கையாளர்களுக்கான சில சிஸ்டங்கள். என்னை அழைத்துப்போன நண்பர் அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ரொம்ப ஸ்லோவா இருக்குதுன்னு பையன் ஒரு கிளீனர் போட்டான் சார். ஒரே கிளிக்கு, எல்லாம் சுத்தமாயிடும்னான். இப்ப எந்த சைட்டுக்குப் போனாலும் பாஸ்வேர்டு கேக்குது. டவுன்லோட்ஸ்ல ஒண்ணுமே இல்ல. மெயில் மட்டும் திறக்குது. அதையாவது காப்பாத்திக் குடுங்க."

மெயில் இன்னும் திறக்கிறது என்றதும் எனக்கு நிம்மதி. இம்மாதிரி நேரத்தில் பலரும் பதற்றத்தில் கிளீனரை இன்னொரு முறை ஓட்டுவார்கள், அல்லது அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வேறொன்றை இறக்குவார்கள். இரண்டுமே கூடாது. அழிந்த கோப்பின் இடத்தில் புதிய கோப்பு எழுதப்பட்டுவிட்டால், மீட்க இருந்த கொஞ்ச வாய்ப்பும் போய்விடும். முதலில் அந்த மென்பொருளைத் திறந்து, பையன் எதற்கெல்லாம் டிக் போட்டிருந்தான் என்று பார்த்தோம்.

எல்லாவற்றுக்கும் போட்டிருந்தான். இந்தப் பட்டியல்களில் உள்ள கோளாறே இதுதான். பிரவுசர் கேஷ் என்பது ஒரு பக்கம் வேகமாகத் திறப்பதற்காகச் சேமித்து வைத்த படங்களும் துண்டுகளும். அதை அழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கு நேர் கீழே குக்கீ. அதை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே வந்துவிடுவோம், திரும்ப நுழைய பாஸ்வேர்டு வேண்டும். அதற்கும் கீழே சேமித்த பாஸ்வேர்டுகள். அவை போனால் திரும்ப நுழையவும் வழியில்லை. குப்பையும் பெட்டிச்சாவியும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரி சதுரக் கட்டத்தோடு நிற்கின்றன. புதிதாக வேலைக்கு வந்த பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த பக்கத்தைத் திறந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இடத்தை அடைக்கும் பெரிய கோப்புகளைத் தேடிக் கொடுக்கும் வசதி அது. பட்டியலில் முதலில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நின்றது அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு. கடைக்கு வரும் மெயில் முழுக்க அந்த ஒரே கோப்பில்தான் இருக்கிறது. அந்த அம்மாவின் கணக்கு பாப் முறையில் அமைக்கப்பட்டது. அவுட்லுக் இந்த முறையில் மெயிலைத் தன் கோப்புக்குள் இறக்கிக்கொள்ளும். சர்வரில் விட்டுவைக்கும் நகலையும், நாம் அமைப்பை மாற்றாவிட்டால், 14 நாளில் நீக்கிவிடும். அதற்கு முந்தைய மெயில் உலகத்தில் வேறெங்கும் இல்லை. மென்பொருளின் கண்ணுக்கு அது வட்டில் இடம் பிடித்திருக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். இன்னும் ஒரு டிக், இன்னும் ஒரு கிளிக் என்றால் போயிருக்கும்.

"இதுலதான் என் மெயிலா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அவுட்லுக்கை முழுதாக மூடினோம். திறந்திருக்கும்போது நகலெடுக்க முயன்றால் கோப்பு பூட்டியிருக்கும். டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருந்த பிஎஸ்டியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு சிஸ்டத்தில் திறந்து, பழைய மெயில் ஒன்றைத் தேடிப் படித்தும் பார்த்தோம். நகலெடுத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். ஐமேப் முறையிலோ ஜிமெயிலின் இணையப் பக்கத்திலோ மெயில் பார்ப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. மூலம் சர்வரிலேயே இருக்கும். அங்கே அழித்தாலும் ஜிமெயில் 30 நாள் வரை குப்பைக் கூடையில் வைத்திருக்கும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அவ்வளவு நல்ல செய்தி இல்லை. குரோம் அவற்றை அந்தப் பயனருடைய ஃபோல்டரில் ஒரு சிறு தரவுக் கோப்பாக வைக்கிறது. அதன் பூட்டு அந்த விண்டோஸ் கணக்கோடு பிணைக்கப்பட்டது. அதனால் கோப்பை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் பயனில்லை. அதே கணினியில் கோப்பின் பழைய பதிப்பு இருந்தால் திரும்ப வைத்துப் பார்க்கலாம். அதற்கு விண்டோஸின் சிஸ்டம் புரொடெக்‌ஷன் முன்பே இயங்கியிருக்க வேண்டும். இங்கே அது அணைக்கப்பட்டிருந்தது. குரோமில் கூகுள் கணக்கோடு நுழைந்து ஒத்திசைவு போட்டிருந்தாலும் கிடைத்திருக்கும், அதுவும் இல்லை. ஆக, ஒவ்வொரு தளத்திலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பொத்தானை அழுத்த வேண்டியதுதான். கடைச் சொந்தக் கணக்குகள் சீக்கிரம் திரும்பின. வாடிக்கையாளர்களின் டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுகளுக்கு அவரவர் போனில் ஓடிபி வர வேண்டும்; அவர்கள் வரும்போதுதான் முடியும்.

"நல்ல கம்பெனி கிளீனர்தான் சார், ஒரிஜினல் சைட்லேர்ந்துதான் எடுத்தான்" என்றார் அவர். அதனாலேயே 2017-ல் நடந்ததைச் சொன்னேன். உலகிலேயே பெயர்பெற்ற துப்புரவு மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பு அந்த ஆகஸ்டில் வெளியானது. தயாரித்த பிரிஃபார்ம் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்த அந்தப் பதிப்புக்குள்ளேயே தாக்குபவர்கள் நஞ்சைப் புகுத்தியிருந்தார்கள். செப்டம்பரில் சிஸ்கோ டாலோஸ் ஆய்வாளர்கள் அதை வெளிப்படுத்தும் முன் சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது நிறுவப்பட்டிருந்தது. பிரிஃபார்மை அப்போதுதான் வாங்கியிருந்த நிறுவனம் அவாஸ்ட். அதே அவாஸ்டை, அதன் பாதுகாப்பு மென்பொருள் வழியாகத் திரட்டிய மக்களின் இணையப் பார்வை விவரங்களை விற்றதற்காக, 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. துடைக்க வருகிற மென்பொருளுக்குப் பிரவுசர், மெயில், வட்டு எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். விண்டோஸிலேயே இருக்கும் வசதிகள் போதும் என்றிருக்க, அந்த அனுமதியை இன்னொருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

ஸ்லோவுக்குக் காரணம் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் தெரிந்தது. நான்கு ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எழும்போதே கூட எழும் ஏகப்பட்ட புரோகிராம்கள். அவற்றை அணைத்தோம். எஸ்எஸ்டி மாற்றச் சொன்னேன்.

பிறகு வாடிக்கையாளர் சிஸ்டங்கள் பக்கம் போனேன். உட்கார்ந்து ஜிமெயில் முகவரியைத் தட்டியதும் முன்பின் தெரியாத ஒருவருடைய இன்பாக்ஸ் திறந்துகொண்டது. மேலேயே ஒரு ரயில் டிக்கெட். எதையும் படிக்காமல் சைன் அவுட் செய்தேன். "கிருத்திகைக்கு வந்தவரா இருக்கும். மலை இறங்கி வந்து டிக்கெட்டு பிரிண்டு எடுத்துட்டு ரயிலுக்கு ஓடுவாங்க" என்றார் கடைக்கார அம்மா. ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூஜை நடக்கும் படித் திருவிழாவுக்கும் வெளியூர்க் கூட்டம் எவ்வளவு வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் பலர் இந்த நாற்காலிக்குத் திரும்ப வரவே மாட்டார்கள். விட்டுப்போன கணக்கு மட்டும் திறந்தே கிடக்கும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் இன்னும் மோசம். ஆதார், மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். இணையத்தில் இறக்கும் ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. ஆனால் அது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். பக்கத்திலேயே மதிப்பெண் சான்று கிடந்தால் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. கிளீனரைக் கல்லாவில் இருந்த சிஸ்டத்தில் ஓட்டினார்கள். துடைக்க வேண்டியதெல்லாம் இங்கே இருந்தது.

இந்த சிஸ்டங்களில் குரோம் ஐகானின் டார்கெட் வரியில் கெஸ்ட் முறைக்கான சேர்ப்பைப் போட்டோம். இனி யார் திறந்தாலும் விருந்தினராகவே திறக்கும். ஜன்னல்களை எல்லாம் மூடியதும் குக்கீயும் லாகினும் போய்விடும், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்ற கேள்வியும் வராது. இறக்கிய கோப்புகள் மட்டும் இதில் அழியாது. இன்காக்னிடோவிலும் அழியாது. அதை நிறையப் பேர் அறிவதில்லை. ஒருவர் எழுந்து போனதும் டவுன்லோட்ஸைக் காலி செய்வது பையனின் வேலை என்று முடிவாயிற்று.

ஹிஸ்டரி பற்றி ஒரு சிக்கல் உண்டு. 2011-ன் சைபர் கஃபே விதிகள் வாடிக்கையாளர் பதிவேட்டையும், பார்க்கப்பட்ட தளங்களின் விவரத்தையும் ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கின்றன. பெயர், அடையாள அட்டை எண், வந்த நேரம், போன நேரம் என்று அந்த அம்மா நீள நோட்டில் ஒழுங்காக எழுதிவருகிறார். தளங்களின் பதிவைப் பிரவுசரை நம்பி விடாமல் நெட்வொர்க் பக்கத்தில் வைக்க ஏற்பாடு செய்யுமாறு சொன்னேன். அப்படிச் செய்தால் அடுத்து வருபவர் கண்ணில் ஒன்றும் படாது, விதியும் மீறப்படாது.

கிளம்பும் நேரத்தில் நகரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "பாஸ்வேர்டு மர்ச்சிபோயானு அம்மா" என்றார் தெலுங்கில்; மறந்துவிட்டாராம். அவருக்கு ஜிமெயில் தொடங்கிக் கொடுத்ததே இந்தக் கடைதான். மீட்பு எண்ணாக அப்போது கடை நம்பரைப் போட்டிருக்கிறார்கள். அப்படி எத்தனையோ பேருக்குப் போட்டதாக அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். உதவி என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் அந்தக் கடை போன் தொலைந்தாலோ, வேறு கைக்குப் போனாலோ அத்தனை பேருடைய மெயிலும் அதோடு போகும். மெயில் போனால் அதைக் கொண்டு மீட்கக்கூடிய மற்ற கணக்குகளும் போகும்.

கடை எண்ணுக்கு வந்த ஓடிபியால் பெரியவரின் கணக்கைத் திறந்து, புதுப் பாஸ்வேர்டை அவரையே தட்டச் சொல்லி, அவருடைய சொந்த எண்ணை மீட்பு எண்ணாக மாற்றினோம். இரண்டு கட்டச் சரிபார்ப்பும் போட்டாயிற்று. எண்ணை மாற்றினாலும் முதல் 7 நாள் வரை பழைய எண்ணுக்கும் குறியீடு அனுப்ப கூகுள் இடம் கொடுக்கலாம். அதனால் அடுத்த வாரம் வரை கடை போனுக்கு அவர் பெயரில் ஏதாவது வந்தால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று பையனிடம் அந்த அம்மா சொல்லி வைத்தார். பிறகு நோட்டில் பெரியவரின் பெயருக்கு எதிரே தேதியைக் குறித்துக்கொண்டு, இதே மாதிரி எண் மாற்ற வேண்டியவர்களின் பெயர்களைப் பழைய பக்கங்களிலிருந்து எடுத்து எழுத ஆரம்பித்தார்.