ஒண்டியாளுக்கு ஒரு கிரில்

சென்ற வாரம் என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் போன் செய்தார். அவர் மனைவி காலமாகி எட்டு மாதம் ஆகிறது. நலம் விசாரித்து முடித்ததும், "உங்க வீட்ல கரண்ட் கிரில் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, என்னை மாதிரி ஒண்டியாளுக்கு அது சரிப்பட்டு வருமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதுகிறேன் என்றேன். அவரைப் போல இன்னும் சிலர் இதை வாசிப்பீர்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அது என் வீட்டுக்கு வந்த கதை. என் வீட்டுக்காரி போய் நாலு வருடம் ஆகிறது. மகள் பிரான்சில் இருக்கிறாள். போன வருடம் ஒருநாள் மாலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பால் பொங்கி நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மாடியில் குடியிருக்கும் தம்பி வாடை பிடித்து ஓடிவந்து, சிலிண்டரை மூடி, சன்னலையெல்லாம் திறந்துவிட்டார். நான் விழித்துப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

விஷயம் மகள் காதுக்குப் போயிற்று. "அப்பா, இனிமே நீங்க தனியா இருக்க வேணாம். இங்க வந்துடுங்க" என்றாள். இந்த ஊரையும் வீட்டையும் விட்டு, குளிரில் மூன்றாவது மாடியில் போய் நான் என்ன செய்வது? வாக்குவாதம் இரண்டு மாதம் நடந்தது. கடைசியில் பொங்கலுக்கு வந்தபோது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து இந்தக் கிரில்லைக் கொண்டுவந்தாள். "கேஸ் பக்கம் அதிகமா போகாதீங்க. இதுல செஞ்சுக்குங்க" என்றாள். அதுதான் எங்களுக்குள் ஏற்பட்ட சமரசம்.

சாமான் பெரிதில்லை. இரண்டு ரொட்டித் துண்டு பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற அளவு. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. புத்தகம் மாதிரி திறந்து மூடலாம். உள்ளே வரிவரியாக மேடு. முன்பக்கம் கொஞ்சம் சரிவு, வடிகிற எண்ணெய்க்கு ஒரு சின்னத் தட்டு. 800 வாட். சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது, பச்சை எரிந்தால் சூடு தயார். அவ்வளவுதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினோரு வயது. பிறகு அரசு அலுவலகத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் குறிப்பு எழுதியே வாழ்க்கை ஓடிவிட்டது. பிரெஞ்சு, பீரோவில் மடித்து வைத்த பட்டுச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. பெட்டியில் இருந்த விளக்கப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: 'தெப்ரான்ஷே'. பிளக்கைக் கழற்று என்று பொருள். அந்தச் சொல் பின்னால் எனக்குப் பாடம் கற்பிக்கும் என்று அப்போது தெரியாது.

வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்சிலும் நமக்கும் ஒரே 230 வோல்ட்தான், அதில் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் பிளக்கில் எர்த் இணைப்பு வேறு மாதிரி. நம் சாக்கெட்டில் அமுக்கிச் செருகினால் வேலை செய்யும். எர்த் மட்டும் சேராது. சூடாகிற உலோகச் சாமானுக்கு அது ஆபத்து. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நம் மூன்று முள் பிளக் மாற்றிக்கொண்ட பிறகுதான் தொட்டேன். இங்கேயே வாங்கினால் இந்த வேலை மிச்சம்.

இனி சமையல். சோறு, குழம்பு, ரசம் இதில் ஆகாது. அதற்கு வழக்கமான அடுப்போ குக்கரோ வேண்டும். ஆகவே இது அடுப்புக்கு மாற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். தொட்டுக்கொள்ள ஏதாவது செய்கிற சாமான், அவ்வளவுதான். ஆனால் தனியாக இருப்பவனுக்கு அந்தத் தொட்டுக்கொள்கிற பண்டம்தான் பிரச்சினையே.

ஒரு ஆளுக்கு மீன் குழம்பு வைத்துப் பாருங்கள், தெரியும். புளி கரைக்க வேண்டும், வெங்காயம் தக்காளி வதக்க வேண்டும். ஒரு துண்டு மீனுக்கு இத்தனை பாடு. நாலு துண்டு போட்டு வைத்தால் மூன்று நாள் அதையே தின்ன வேண்டும். அதனால் அவள் போன பிறகு மீன் வாங்குவதையே விட்டுவிட்டேன். கிரில் வந்த பிறகு ஒருநாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் ஒரே ஒரு துண்டு கேட்டேன். மீன்கார அம்மா நிமிர்ந்து பார்த்தது. "என்னா ஐயா, அம்மாவுக்கு வேணாமா?" என்றது. சொன்னேன். அது ஒன்றும் பேசவில்லை. நடுத்துண்டாகப் பார்த்து நறுக்கிக் கொடுத்தது. இப்போதும் வெள்ளிக்கிழமை போனால் கேட்காமலே ஒரு துண்டு போட்டுவிடுகிறது.

உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி அரை மணி வைத்து, தட்டில் துளி எண்ணெய் தடவி மூடினால் ஆறு ஏழு நிமிடத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்தே வெந்துவிடுகிறது. திருப்பிப் போட வேண்டாம். முட்டிவலிக்காரன் அடுப்படியில் நிற்க வேண்டாம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். சங்கரா மாதிரி முழு மீன் வைத்தால் தலை தடுக்கி மேல்தட்டு சரியாகப் படியாது. நெத்திலி வரிகளில் ஒட்டி நொறுங்கிப் போகும். எலும்போடு கோழி வைத்தால் வெளியே கருகி உள்ளே வேகாது. சேனையை அரைவேக்காடாக வேகவைத்துப் போட வேண்டும். கத்தரிக்காய் வில்லை நன்றாக வருகிறது. காலையில் மிஞ்சிய இட்லியை இரண்டாக வகுந்து வைத்தால் மொறுமொறு என்று ஆகிறது. முதல்நாள் வாங்கிய பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி வைத்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 800 வாட் சாமான் கால் மணி நேரம் ஓடினால் 0.2 யூனிட். ஐந்து வேளைக்கு ஒரு யூனிட். கேஸ் மிச்சமாகும் என்று கணக்குப் போடுவதிலும் அர்த்தமில்லை. ஒண்டியாளுக்கு 14.2 கிலோ சிலிண்டர் எப்படியும் மாதக் கணக்கில் வரும்.

உண்மையான தொல்லை கழுவுவதில். என்னுடையதில் தட்டு கழலாது, தண்ணீரில் முக்க முடியாது. பிளக்கைக் கழற்றி, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஈரத் துணியை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மரக் கரண்டியால் வரிகளில் துடைத்தெடுக்கலாம். கம்பி நார் போட்டால் பூச்சு போய்விடும். வாங்குகிறவர்கள் தட்டு தனியாகக் கழலுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

இப்போது சொல்லத் தயங்கிய விஷயம். என் கிரில்லில் சுவிட்ச் கிடையாது. பிளக்கைச் செருகினால் சூடு, கழற்றினால்தான் நிற்கும். சித்திரை மாதம் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் இருட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. நாலு மணி நேரம் எரிந்திருக்கிறது. பக்கத்தில் துணி எதுவும் இல்லாதது கடவுள் புண்ணியம். மறதிக்கு மருந்தாக வந்த சாமானிலும் மறதி புகுந்துவிட்டது.

மகளிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் மறுபடி கிளம்பி வரச் சொல்வாள். அலுவலகத்தில் எத்தனை பேர் தப்பை மறைத்து இன்னும் பெரிதாக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சொன்னீங்களேப்பா, அது போதும். ஒரு டைமர் வாங்கி மாட்டுங்க" என்றாள்.

மறுநாளே எலெக்ட்ரிக் கடையில், நேரம் முடிந்ததும் தானே கரண்டை நிறுத்துகிற டைமர் ஒன்று வாங்கினேன். 800 வாட்டைத் தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். பதினைந்து நிமிடத்துக்குமேல் வைப்பதில்லை. சுவரில் ஒரு அட்டையில் 'தெப்ரான்ஷே' என்று என் பழைய பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊருக்கு வரச் சொல்லும் பேச்சு முடிந்துவிடவில்லை. அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நண்பரே, வாங்குங்கள். டைமரோடு சேர்த்து வாங்குங்கள். வாங்கினால், முதல் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். மீன்கார அம்மாவிடம் இரண்டு துண்டு சொல்லி வைக்கிறேன். தட்டில் இரண்டு துண்டுக்கு இடம் இருக்கிறது.