பெட்டி மேல் உட்கார்ந்தபோது…

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் சொரூபம், படம் எதுவும் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, சகோதரிகளே!

போன வருஷம் என் நாத்தனார் வந்தாள். கணவருக்கு ஆபரேஷன். "மதினி, நாலு வளையல் தாங்க. அடகு வச்சுட்டு மூணு மாசத்துல மீட்டுத் தர்றேன்" என்று கெஞ்சினாள். மகள் கல்யாணத்துக்காக 15 வருஷமாய்ச் சேர்த்த நகை, நான் உட்கார்ந்திருந்த டிரங்குப் பெட்டிக்குள்தான் இருந்தது. எழுந்திருக்காமலே, "எல்லாம் பாங்க் லாக்கர்ல இருக்கும்மா" என்றேன்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் முறை. ஆதியாகமம் 31-ஆம் அதிகாரம். யாக்கோபின் மனைவி ராகேல், தகப்பனுடைய சொரூபங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, மாதவிலக்கு, எழுந்திருக்க முடியாது என்று சாக்குச் சொல்கிறாள். எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே படித்த இடம். அன்று தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து எண்ணிப் பார்த்த நேரத்தில் பாதிகூட ஜெபத்துக்குக் கொடுத்ததில்லையே நான்!

பின்னால் 35-ஆம் அதிகாரத்தில், யாக்கோபின் வீட்டார் சொரூபங்களோடு காதணிகளையும் கழற்றிக் கொடுக்க, அவர் சீகேம் ஊரருகே மரத்தடியில் புதைத்துவிடுகிறார். புதைக்கிற அளவுக்கு எனக்கு மனசு வராது. அடகுக் கடை போதும்!

மறுநாள் முதல் பஸ்ஸில் வளையல்களோடு போனேன். "லாக்கர்ல இருக்குன்னீங்களே, மதினி?"

"இல்லம்மா, பெட்டியிலதான் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டு, எனக்குக் காபி போட உள்ளே போனாள்.