மாடியில் நான்கு ஜோடி

அப்பாவுக்கு வலப்பக்கம் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காங்கேயத்திலிருந்து பார்க்க வந்த மாமா, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "மாப்பிள்ளை, புறா ரத்தத்தைத் தேய்ச்சு உடுங்க. கறியும் ஆக்கிக் குடுங்க. கை தானா எந்திரிக்கும்." அவருக்கு முன்னால் வந்தவர்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

மருத்துவரிடம் கேட்டேன். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் கெடு. அது போன பிறகு மாத்திரையும் பயிற்சியும் பொறுமையும்தான் மருந்து என்றார். புறா ரத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை, கறியைக் கறியாக நினைத்துக் கொடுங்கள் என்றார். இரத்தம் வேண்டாம், கறி மட்டும் என்று அம்மாவிடம் ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். வீட்டு மாடியிலேயே வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

எந்தப் புறாவை வாங்குவது? தமிழ் வாத்தியாருக்கு எல்லாச் சந்தேகமும் முதலில் புத்தகத்துக்குத்தான் போகும். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே டார்வின் புறாக்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். உருவத்தில் அத்தனை வேறுபட்ட வளர்ப்பினங்களும் ஒரே மாடப்புறாவின் வழிவந்தவை என்பது அவர் முடிவு. மனிதன் எதை விரும்பித் தேர்ந்தானோ அதுவாகவே பறவை மாறியிருக்கிறது. விசிறி வால் வேண்டியவனுக்கு லக்கா, வானில் குட்டிக்கரணம் வேண்டியவனுக்குக் கர்ணப்புறா, வீடு திரும்ப வேண்டியவனுக்கு ஹோமர். கறி வேண்டியவனுக்கு அமெரிக்காவில் கலப்பில் உருவாக்கிய கிங். வளர்ந்த கிங் முக்கால் கிலோவைத் தாண்டும். நம் நாட்டுப்புறா முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம்.

கணக்கு எளிதாகத் தெரிந்தது. ஆனால் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே லைன் வீட்டு மாடியில் புறா வளர்க்கும் என் பழைய மாணவன் சிரித்தான். "எடையப் பாக்காதீங்க சார். தாய் தகப்பனப் பாருங்க."

இரண்டு பேச்சையும் கேட்டு, ஒரு ஜோடி கிங்கும் மூன்று ஜோடி நாட்டுப்புறாவும் வாங்கினேன். கம்பு, சோளம், கொள்ளு, பச்சைப்பயறு தீனி. செங்கல் தூளும் சிப்பித்தூளும் தனித் தட்டில். புறாவுக்குப் பல் இல்லை. அரைவைக்குக் கல் வேண்டும். பட்டினப்பாலையில் வரும் 'தூதுணம் புறவு' என்பதற்குக் கல்லுண்ணும் புறா என்று பொருள் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் கடந்து போயிருக்கிறேன். தட்டில் அலகு படும் ஓசையைக் கேட்ட பிறகுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கிற்று.

ஆறு மாதம் குறிப்பேடு வைத்தேன். கனத்த கிங் பெட்டை தன் உடல் எடையாலேயே முட்டைகளை உடைத்தது. தேறியவை மூன்று குஞ்சுகள், தலைக்கு அரைக்கிலோ. நாட்டு ஜோடி ஒன்று ஆறு குஞ்சுகளை வளர்த்தது, தலைக்குக் கால்கிலோ. மொத்த எடை சமம். ஆனால் கிங் தின்ற தீனி இருமடங்கு.

மாணவன் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. பதினேழு, பதினெட்டு நாள் இருவரும் முறைவைத்து அடைகாக்கிறார்கள். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் தானியம் கிடையாது. தாயும் தந்தையும் தங்கள் இரைப்பையில் ஊறும் பாலைக் கக்கி ஊட்டுகிறார்கள். ஏறக்குறைய நான்கு வாரத்தில், பறப்பதற்குச் சற்று முன், குஞ்சு கொழுத்திருக்கும். கறிக்கு எடுப்பது அப்போதுதான். பறந்துவிட்டால் தசை இறுகிவிடும். அந்தக் கறியின் மென்மை முழுவதும் பெற்றோர் ஊட்டியது. ஆகவே கறிக்கு ஏற்ற இனம் என்பது நல்ல பெற்றோராக இருக்கும் இனம். நாம் தேர்வது பாசத்தை. பிறகு அதன் பலனை எடுத்துக்கொள்கிறோம். புறாவுக்காகத் துலாக்கோல் ஏறிய சோழர் முன்னோனைப் புறநானூற்றுப் பாடத்தில் சொல்லும்போது இப்போதெல்லாம் என் குரல் சற்றுத் தாழ்கிறது.

கிங் ஜோடியைக் கொடுத்துவிட்டு இன்னொரு நாட்டு ஜோடி வாங்கினேன். அப்பா முப்பது ஆண்டுகள் ஜின்னிங் ஃபேக்டரியில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர். புறாவின் இறகுத்தூளும் எச்சத்தூசியும் நுரையீரலுக்கு ஆகாது என்று மருத்துவர் எச்சரித்ததால் கூண்டு மாடியின் கடைக்கோடியில் இருக்கிறது. முகமூடி கட்டிக்கொண்டு நான்தான் சுத்தம் செய்கிறேன். அப்பா அங்கே போவதில்லை. கீழிருந்தபடி குமுறலை மட்டும் கேட்பார்.

சென்ற ஞாயிறு அம்மா மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பிசைந்து ஊட்டினாள். வலக்கை மடியில் அப்படியே கிடந்தது.

"இளசா இருக்குது" என்றார் அப்பா. மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்: "தாய்ப்புறா என்ன பண்ணுது?"

மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"அடுத்த முட்டைல உக்காந்திருக்குதுங்கப்பா."

"சேவலு?"

"பக்கத்துலயே நிக்குதுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.