அப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்!

எங்க வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. கோயம்புத்தூர்ல மில் போனஸ் கைக்கு வந்த அன்னிக்கே அப்பா வாங்கினது. துணி போர்த்தித்தான் வெச்சிருப்பார். அதைத் தொட எனக்குப் பர்மிஷன் கிடைச்சதே காலேஜ் சேர்ந்த பிறகுதான்!

அதுக்காகத்தான் போன மாசம் ஒரு டி.ஏ.சி. வாங்கினேன். பேரைக் கேட்டு மிரண்டுடாதீங்க. சி.டி.யில் இருப்பது பாட்டு இல்லை, வெறும் எண்கள். லெஃப்ட்டுக்கு விநாடிக்கு 44,100, ரைட்டுக்கு இன்னொரு 44,100. ஒவ்வொண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. இந்த எண்களை மறுபடி மின் அலையாக்கித் தர்ற சமாச்சாரம்தான் டி.ஏ.சி. எங்க பழைய டி.வி.டி. பிளேயருக்குள்ளேயும் ஒண்ணு இருக்கு. ஆனா நல்ல க்ளாக், சுத்தமான பவர் சப்ளையோட தனிப் பெட்டி வெச்சா பாட்டு இன்னும் தெளிவா இருக்கும்னு படிச்சுப் படிச்சு ஆசை. டியூஷன் எடுத்துச் சேர்த்த 4,500 ரூபாய் காலி.

பிளேயரின் கோஆக்சியல் அவுட்டில் இருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ரெண்டு. பழைய வயரையும் கழற்றாமல் ஆக்ஸில் விட்டேன். குமிழைத் திருப்பினா பழசு, புதுசு ரெண்டையும் மாத்தி மாத்திக் கேக்கலாம். போட்ட சி.டி., 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. அதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின்னா அப்பாவுக்கு உயிர்.

சத்தம் கொஞ்சம் கூடினாலே காது ‘சூப்பர்’னு ஏமாந்துடும். அதனால் வால்யூம் குமிழ் பக்கத்தில் பென்சில் கோடு போட்டு ரெண்டையும் சமமாக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். தங்கச்சி குமிழைத் திருப்பினாள். பத்துக்கு ஆறு சரியாச் சொன்னேன். “காசை சுண்டிப் போட்டிருந்தாலே அஞ்சு வந்திருக்கும்டா” என்றாள். மானம் போச்சு.

“நீங்க சொல்லுங்கப்பா.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு.”

சும்மா விளையாட்டாத்தான் செல்போனில் டெஸ்ட் டோன் வெச்சேன். 1,000 ஹெர்ட்ஸ்... “கேக்குது.” 2,000... கொஞ்சம் யோசிச்சு, “ம்ம்.” 4,000 வெச்சேன். கீச்சுனு அந்த சத்தம் தாங்காம தங்கச்சி காதைப் பொத்திக்கிட்டா. அப்பா என்னையே பார்த்துட்டு இருந்தார்.

“வையி சாமி, ஏன் நிறுத்திட்டே?”

நான் நிறுத்தவே இல்லை.

ஸ்பின்னிங்கில் 27 வருஷம். காதுக்குப் பாதுகாப்பு, அங்கேயே கிடைக்கிற பஞ்சு. அது அந்த இரைச்சலுக்குப் பத்தாது. மெஷின் சத்தம் முதலில் தின்பது பெரும்பாலும் இந்த 4,000 பக்கம்தானாம். உள்காதில் செத்துப்போன அந்த செல்கள் திரும்ப முளைக்காது. பெரியாஸ்பத்திரியில் எடுத்த ஆடியோகிராமில் கோடு அந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. ரெண்டு காதிலும். டாக்டர் பேப்பரைப் பார்த்துட்டு, “மில்லா?”ன்னார்.

டி.வி. சத்தத்தைக் குறைங்கன்னு அப்பாகிட்ட எத்தனை தடவை கத்தியிருக்கேன்னு பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். முடியலை.

பெட்டியை ஃப்ரெண்டுக்கு வித்துட்டு, அந்தக் காசைக் காது மெஷினுக்குப் போடலாம்னு சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு.

“உனக்குக் கேக்குதில்ல? இருக்கட்டும்.”

செவ்வாய்க்கிழமை மெஷின் போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க. அந்த சி.டி.யையும் எடுத்துட்டுப் போலாமான்னு ரெண்டு நாளாக் கேட்டுட்டே இருக்கார்.