முதல் கொட்டாவிக்கு முன்னால்

பகலில் கண் மூடாத பிள்ளையைப் பார்க்க வரச் சொல்லி என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்தான். பெற்றவள் ராத்திரியைச் சொல்லி அழுவாள். பகல் பாட்டியின் பொறுப்பு. "ரெண்டரை மாசமாச்சுங் சிஸ்டர், பகல்ல எல்லாமே கோழித் தூக்கந்தான். மடியில கெடந்தா தூங்குது, கீழ வெச்சா முழிச்சுக்குது" என்று வாசலிலேயே தொடங்கிவிடுவார்கள்.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சோமனூர், பல்லடம் பக்கத்து ஊர்களில் பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பிள்ளை குளிப்பாட்டுகிறேன். தூக்கம் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றித் துவட்டி, வயிறு நிறையப் பால் கொடுத்தால் வரும் தூக்கம்தான் பல பிள்ளைகளுக்குப் பகலின் நீளமான தூக்கம். அதை யாரும் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பிள்ளை பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் மிகச் சரியாக அந்த நேரத்தில்தான் வருவார்கள் என்பது வேறு விஷயம்.

தூக்கப் புகாருக்காக ஒரு வீட்டுக்குப் போனால் பிள்ளையை உடனே தூக்க மாட்டேன். ஓரமாக உட்கார்ந்து அதன் முகத்தையே பார்ப்பேன். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் பார்வை ஒரு கட்டத்தில் எதிலும் நிற்காமல் வெறிக்கும். கிலுகிலுப்பையை ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிவந்த நிறமுள்ள பிள்ளைகளுக்குப் புருவத்தைச் சுற்றி லேசாகச் செம்மை ஏறும். கை கால் ஆட்டம் குறையும். தூங்கவைக்க வேண்டிய நேரம் இதுதான். கொட்டாவி இதற்குப் பிறகு வருவது, கண்ணைக் கசக்குவது அதற்கும் பிறகு. முதுகை வில்லாக வளைத்து, முஷ்டியை மடக்கி வீறிடும்போது நேரம் தாண்டிவிட்டது. வீட்டார் பெரும்பாலும் அந்த வீறிடலைத்தான் தூக்கத்துக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் ஒரு கால் மணி நேரமாகப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படுவதில்லை.

ரெண்டு மாதப் பிள்ளையால், பால் குடிக்கிற நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி அல்லது ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கி விழித்திருக்க முடியும். நாலு மாதத்தில் அது ஒன்றரை முதல் ரெண்டு மணி ஆகும், ஆறு மாதத்தில் ரெண்டரைக்குப் பக்கம் போகும். இது என் கைக்கணக்கு, பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் கூடும் குறையும். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளை விழித்த நேரத்தை மட்டும் எழுதச் சொல்வேன். தூங்கிய நேரம் வேண்டாம், அதை எழுதினால் எவ்வளவு குறைவு என்ற கவலைதான் மிஞ்சும். விழித்த நேரம் தெரிந்தால் அடுத்து எப்போது அதன் முகத்தைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். "பகல்ல தூங்க விடாம வெச்சா ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும்" என்கிற யோசனையை எங்கே கேட்டாலும் மறுத்துவிடுவேன். பெரியவர்களுக்கு ஓரளவு பொருந்தலாம். கைக்குழந்தை களைப்பு முற்றினால் முறுக்கிக்கொள்ளும், ராத்திரியும் சேர்ந்து கெடும்.

அடுத்த புகார், தூங்கினாலும் முப்பது, நாற்பது நிமிடத்தில் எழுந்துகொள்கிறது என்பது. ஐந்து, ஆறு மாதம் வரை பல பிள்ளைகள் அப்படித்தான். அதை நோயாக நினைத்துத் தாய் இளைக்க வேண்டியதில்லை. காரணம் தூக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சிகாகோவில் கிளைட்மன் என்ற தூக்க ஆராய்ச்சியாளரிடம் மாணவராக இருந்த அசெரின்ஸ்கி, தூங்கும் குழந்தைகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்துதான் தன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தூக்கத்துக்குள்ளே கண்மணி வேகமாக ஓடும் ஒரு நிலை உண்டு என்று இருவரும் 1953இல் எழுதினார்கள். குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக அசைவும் அமைதியுமாக ஓடுகிறது என்று 1955இல் எழுதினார்கள். அசைவும் அமைதியும் மாறும் இடத்தில் தூக்கம் மெலியும். சின்னப் பிள்ளைக்கு அந்த இடத்தைத் தாண்ட இன்னும் தெரியாது.

நம் பாட்டிமார் இந்த அசைவுத் தூக்கத்தை எப்போதோ பார்த்துவைத்திருக்கிறார்கள். தூக்கத்தில் பிள்ளை சிரித்தால் சாமி பூக் காட்டுகிறது, முகம் சுளித்து முனகினால் நரி விரட்டுகிறது. பிள்ளை இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறது என்பது இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஆனால் இப்போது முனகல் கேட்டதும் ஓடிப்போய் வாரி எடுக்கிறோம், அந்த வாரலில்தான் அது உண்மையாக விழிக்கிறது. "நரி விரட்டி முடியட்டும் அம்முணி" என்று தாயின் கையைப் பிடித்துக்கொள்வேன். ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம் பார்க்கலாம். கண் திறந்து, குரல் ஏறி, அழுகை நிற்கவில்லை என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். அழவிட்டுப் பழக்குவது இந்த வயதுக்கு ஆகாது.

கீழே வைத்ததும் விழிக்கிற பிள்ளைக்கு என்ன செய்வது? ஜப்பானில் குமி குரோடா குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் ஒரே சீராக நடந்தால் அடங்குகிறது, பல பிள்ளைகள் தூங்கியும் விடுகின்றன. உறங்கியபின் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தால் விழிப்பது குறைகிறது. முதுகு பாயில் படுவதைவிட, தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் அந்தக் கணம்தான் பிள்ளையை எழுப்புகிறது என்றும் கண்டார்கள். அதனால் கிடத்தும்போது என் மார்போடு அணைத்தபடியே குனிவேன். முதலில் அடிப்பக்கம், பிறகு முதுகு, கடைசியில் தலை. உள்ளங்கையை நெஞ்சின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெல்ல எடுப்பேன். தாலாட்டு எனக்கு வராது. ஒரே சுருதியில் முனகுவேன், பிள்ளைகள் இதுவரை குறை சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் சத்தத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். வீட்டை ஒட்டிய ஷெட்டில் விசைத்தறி ஓடும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரைச்சலில் பிள்ளை எப்படித் தூங்கும் என்று கேட்பார்கள். தறி ஓடும்போது தூங்கும், கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு விழிக்கும். சீரான சத்தம் குக்கர் விசிலையும் வாசல் பெல்லையும் மறைத்துவிடுகிறது. ஆனால் தறிக்காரர்களுக்கே காது மந்தமாகிற ஊர் இது. பிள்ளைக்கு அவ்வளவு சத்தம் ஆகாது, நடுவில் ஒரு சுவரும் மூடிய கதவும் வேண்டும். தறி இல்லாத வீட்டில் ஃபேன் சத்தமே போதும். செல்போனில் மழைச் சத்தம் போட்டுத் தலைமாட்டில் வைக்கிறார்கள், அதை அறையின் மறு கோடிக்கு நகர்த்திச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன். அறை லேசாக இருட்டியிருந்தால் போதும். வெயில் காலத்தில் பிடரியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். பலர் உள்ளங்காலைத் தொட்டுவிட்டுக் குளிர்கிறதென்று போர்த்துகிறார்கள்.

தொட்டிலைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. பழைய நூல் சேலைத் தொட்டிலில் அடங்காத பிள்ளை அபூர்வம். ஆனால் அதில் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத பிள்ளைக்கு, அதிலும் எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்ததற்கு, மூச்சு சிரமப்படலாம். சமமான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கக் கிடத்துவதுதான் பாதுகாப்பு என்று மருத்துவர்கள் சொல்வது வெறும் சடங்கு அல்ல. தொட்டிலே வேண்டும் என்கிற வீட்டில், யாராவது பக்கத்திலேயே இருந்து, ஆட்டித் தூங்கவைத்துப் பாய்க்கு மாற்றுங்கள் என்பேன். குப்புற விழத் தொடங்கிய நாளில் தொட்டிலை அவிழ்த்துவிட வேண்டும். துணியில் சுற்றுவதையும் அன்றே நிறுத்த வேண்டும்.

வசம்பு உரசி நாக்கில் தடவுவது, தேன் வைப்பது, தூக்கம் வருமென்று சளி மருந்து கொடுப்பது, இவற்றுக்கு என்னிடம் ஒரே பதில் வேண்டாம் என்பதுதான். கைக்குழந்தையின் மூச்சையே அடக்கக்கூடிய மருந்துகள் சளி மருந்துகளில் உண்டு. சாம்பிராணிப் புகையும் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. காய்ச்சல், பால் மறுப்பது, எடை ஏறாதது, மூச்சு இழுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவை தூக்கப் பிரச்சினை அல்ல, உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை.

மிஞ்சுவது சாயங்காலத் தூக்கம். நாள் முழுக்க ஒழுங்காகப் போன பிள்ளைகூட ஐந்து மணிக்குச் சிணுங்கும். இதைப் பாயில் கிடத்திச் சாதிக்க நான் முயல்வதில்லை. தோளில் போட்டுக்கொண்டு தாத்தா தெருவில் நடக்கட்டும், அரை மணி நேரம் அப்படியே தூங்கினால் போதும். ஆறரை தாண்டியும் தூங்கினால் எழுப்பிவிடுவேன். "தூங்கற பிள்ளைய யாராச்சும் எழுப்புவாங்களா சிஸ்டர்?" என்று பாட்டி கோபிப்பார். எழுப்புவது என்றால் உலுக்குவதல்ல. ஜன்னல் திரையை விலக்கி, உள்ளங்காலை வருடிக்கொண்டிருந்தால் தானாக விழித்துக்கொள்ளும். ஏழு மணிக்கு முன் விழித்த பிள்ளை எட்டரைக்கு மறுபடி கண் அயரும், பெற்றவளும் ஒருவாய் சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.