பழைய கெர்னல் தந்த பாடம்

மத்ரஸாவில் பாடம் சொல்லும் ஓய்வு நேரங்களில் இருபதாண்டுகளாக நான் திரட்டிய அரபு–தமிழ்ச் சொற்கோவை முழுவதும் என் மேசைக் கணினியில் இருக்கிறது. அதனை இயக்குவது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணியின் கனி அது. வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று ஆள்வது அதன் கெர்னல்.

சென்ற மாதம் ஓரிரவு, இஷாவுக்குப் பின் கெர்னலைப் புதுப்பித்தேன். மீண்டும் தொடங்கிக் கடவுச்சொல்லை இட்டதும் திரை உறைந்தது. சுட்டி அசையவில்லை; விசைப்பலகையும் பணியவில்லை. மூன்று முறை அணைத்து எழுப்பியும் அதே நிலை. சொற்கோவைக்கு மறுபடி எடுத்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. நெஞ்சு பதறியது.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாம் என்றார் அண்டை வீட்டு இளைஞர். மனம் ஒப்பவில்லை. புதிய கெர்னல் வந்ததும் பழையது நீங்கிவிடுவதில்லை என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. கணினி எழும்போதே கிரப் பட்டியலை வரவழைத்துப் பழைய கெர்னலைத் தேர்ந்தேன். குறையின்றி எழுந்தது. கோவையும் பத்திரமாக இருந்தது. முதல் வேலையாக அதற்கொரு மறுபடி எடுத்தேன்.

பின்னர் ‘ஜர்னல்சிடிஎல்’ என்னும் ஆணையால், உறைந்துபோன முந்தைய தொடக்கத்தின் குறிப்பேட்டைப் படித்தேன். இறுதி வரிகள் வரைகலை இயக்கியின் பிழைகளையே கூறின. தொடக்க வரியில் ‘நோமோட்செட்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்துப் புதிய கெர்னலை எழுப்பினேன், உறையவில்லை. பழுதின் இடம் உறுதியாயிற்று. அடுத்த திருத்தம் வரும்வரை பழையதிலேயே பணிபுரிந்தேன்.

ஏடு பெயர்த்தெழுதுவோர் புதுப்படியைச் சரிபார்க்கும்வரை மூலத்தை எறிவதில்லை. கணினிக்கும் அதுவே முறை.