டைனமோவைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள்

கீழ்புத்துப்பட்டில் கத்திரியும் வெண்டையும் பயிர் செய்கிற விவசாயி ஒருவர், காயைப் புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் பழைய டீசல் அம்பாசிடரில்தான் ஏற்றிப் போகிறார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டைகளை அடுக்கி, விடியற்காலை நான்கு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிவிடுவார். மூட்டைகளோடு அவர் மனைவியும் கூடப் போவார்.

சென்ற தை மாதம் அந்த வண்டியின் ஆல்டர்நேட்டர் சார்ஜ் கொடுக்காமல் நின்றது. ஒர்க் ஷாப்புகளில் இன்னமும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டதால், கையில் கிடைப்பது பெரும்பாலும் ரீகண்டிஷன் சரக்குதான். 3,500 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கி, மரக்காணத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒரு பையனை வைத்து மாட்டினார். பதினெட்டாம் நாள் சார்ஜ் லைட் எரிந்தது. பிரித்துப் பார்த்தால் டயோடு போயிருந்தது. கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வேறொன்று கொடுத்தார்.

இரண்டாவது இன்னும் படுத்தியது. சார்ஜ் லைட் எரியவில்லை. ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறை பேட்டரி படுத்தது. ஒருநாள் இருட்டில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது ஹெட்லைட் மஞ்சளாகி மங்கிவிட்டது. அந்தப் பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை; அதனால் வண்டி நிற்கவில்லை. ஆனால் வெளிச்சம் இல்லாமல் எப்படிப் போவது? ஓரங்கட்டி, விடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள். மார்க்கெட்டில் நல்ல விலை போகும் நேரம் தாண்டிவிட்டது. "பையன் டூப்ளிகேட்டை மாட்டிட்டான்" என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பேட்டரியை மாற்றச் சொன்னவர்களும் உண்டு, வண்டியையே எடைக்குப் போடச் சொன்னவர்களும் உண்டு.

உப்பளத்தில் ஆயில் எஞ்சினும் மோட்டாரும் பழுது பார்க்கிற அவருடைய மாமா ஒரு மல்டிமீட்டரோடு வந்தார். முதலில் பேட்டரியை வெளியே கொடுத்து முழு சார்ஜ் ஏற்ற வைத்தார். படுத்துப்போன பேட்டரியை நிரப்புவது டைனமோவின் வேலையல்ல; செலவான கொஞ்சத்தை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. காலி பேட்டரியோடு ஓட்டினால் டைனமோ சூடேறிக் கெடும்.

அடுத்து பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அது சரியாக இருந்தது. செல்ஃப் அடித்தார், எஞ்சின் விறுவிறுவென்று கிளம்பியது.

"மாப்ள, செல்ஃப் நல்லா அடிக்குது. அப்ப எஞ்சினுக்கு எர்த் இருக்குது. டைனமோவுக்கு இருக்குதான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினை மிதமாக முடுக்கி, நான்கு இடங்களில் அளந்தார். பேட்டரியின் இரு முனைகளில் 12.7 வோல்ட். ஹெட்லைட்டோடு ஓடும்போது 13.5-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். டைனமோவின் தடித்த வயர் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையே 14.4. ஆக, டைனமோ நன்றாகவே வேலை செய்கிறது, நடுவில் 1.7 வோல்ட் காணாமல் போகிறது. டைனமோ முனைக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே 0.2 மட்டும். டைனமோவின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 1.5. எஞ்சின் பிளாக்கில் வைத்தால் வெறும் 0.1.

டைனமோ உட்காரும் பிராக்கெட்டில்தான் கோளாறு. போல்ட்டுகளைக் கழற்றியபோது இரும்புப் பிராக்கெட் துரு ஏறியிருந்தது. அலுமினிய உடம்பு தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி. போதாதற்கு, ரீகண்டிஷன் செய்தவர்கள் காதுகளின் மேலும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கடையில் பெஞ்சில் வைத்துச் சுற்றும்போது கிளிப்பை நேராக உடம்பில் மாட்டிவிடுவதால் அங்கே எல்லாம் சரியாகக் காட்டும். வண்டியில் அந்தப் பெயின்ட்டையும் துருவையும் தாண்டித்தான் மின்சாரம் திரும்ப வேண்டும். பள்ளத்தில் குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வந்தால் வோல்ட் எகிறும். முதல் டைனமோவின் டயோடு போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

உப்பளக் கரையில் இந்தத் தொல்லை அதிகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். பகலில் காய்ந்துகிடக்கும் உப்புத்தூள் இரவுப் பனியில் மறுபடி ஈரமாகி, இரும்பும் அலுமினியமும் சேருமிடத்தை அரிக்கும்.

தொடும் முகங்களை உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னும்வரை தேய்த்தார்கள். டைனமோவின் உடம்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் வயர் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினார்கள். செலவு 200 ரூபாய்க்குள். பேட்டரியில் 14.1 காட்டியது. "பையன் மேல தப்பு இல்லன்னு நீயே போய் அவங்கிட்ட சொல்லு" என்றார் மாமா. விவசாயி அன்று சாயந்திரமே மரக்காணம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

டிராக்டர், மினி வேன் வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் பார்க்கலாம்:

டைனமோ முனையிலேயே வோல்ட் குறைவாக இருந்தால் பெல்ட், கார்பன், ரெகுலேட்டர். சாவி போட்டதும் சார்ஜ் லைட் எரியாவிட்டால் முதலில் பல்பு. பல வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் தூண்டுதல் போகிறது.

பிளஸ் பக்கத்தில் அரை வோல்ட் போனால் தடித்த வயரும் அதன் முனைகளும். செல்ஃப் மந்தமாகச் சுற்றி, ஸ்டாப்பர் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சூடானால், எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டை.

மீட்டரை ஏசியில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு கெட்டிருக்கும். வண்டி நின்று பல மணி நேரம் கழித்தும் டைனமோ கதகதப்பாக இருந்தாலும் டயோடு மீதுதான் சந்தேகம். ராத்திரியில் பேட்டரியைக் குடிப்பது அதுதான்.

சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்கும் பம்பு டைனமோவின் பின்னாலேயே இருக்கும். மாற்று வாங்கும்போது அதையும் சரிபார்க்க வேண்டும். அதிலிருந்து ஆயில் கசிந்தால் கார்பன் நனைந்து கெடும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "சார்ஜ் வருதா" என்று பார்ப்பது பழைய டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்நேட்டரில் அப்படிச் செய்தால், நல்லதும் அந்த நொடியே எரிந்துபோகலாம்.